1 கிராம் பொருளில் 32 நாள் கரன்ட்டா, 88 வருஷ கரன்ட்டா? ‘இ = எம்சி²’ கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசு நிறுவனத்தின் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. திறன் 32.5 மெகாவாட். 1 கிராம் பொருள் முழுசாக ஆற்றலாக மாறினால், அது இந்த நிலையம் முழுத் திறனில் எத்தனை நாள் தரும் மின்சாரத்துக்குச் சமம்?

ஐன்ஸ்டீனின் ‘இ = எம்சி²’ சூத்திரத்தில் போட்டால், ஒருவருக்கு 32 நாள் வரும். இன்னொருவருக்கு 88 வருஷம். மூன்றாமவருக்கு 3 விநாடிகூட வராது. சூத்திரம் ஒன்றுதான், மாறியது அலகு.

சரியான கணக்கு எது?

விடை ஜூலில் வேண்டுமென்றால் நிறை கிலோகிராமிலும், ஒளியின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் இருக்க வேண்டும். 1 கிராம் என்பது 0.001 கிலோ. ஒளியின் வேகம் சுமார் 30 கோடி மீட்டர். வேகத்தை வர்க்கப்படுத்திப் பெருக்கினால் 90 லட்சம் கோடி ஜூல். நம் கரன்ட் பில்லில் வரும் 1 யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக, 2.5 கோடி யூனிட். அந்த நிலையத்தின் 32 நாள் உற்பத்தி.

தப்பு எங்கே நடக்கிறது?

* கிராமை மாற்றாமல் ‘1’ என்றே போட்டால் விடை 1,000 மடங்கு கூடிவிடும். அதுதான் 88 வருஷம்.
* வேகத்தை 3 லட்சம் கிலோமீட்டர் என்றே போட்டால் வெறும் 25 யூனிட்தான் வரும். வேகம் வர்க்கமாவதால் 1,000 மடங்கு பிழை 10 லட்சம் மடங்காகிறது.

பிளஸ் 2 என்சிஇஆர்டி இயற்பியல் புத்தகத்திலும் இந்த 1 கிராம் கணக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது.

அப்போ 1 கிராம் யுரேனியம் 32 நாளுக்குப் போதுமா?

போதாது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு கூடங்குளம், கல்பாக்கம் அணு மின்சாரத்திலும் பங்கு உண்டு. அதனால் காரைக்கால்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைக்கும். 1 அணு நிறை அலகு என்பது 931.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். அப்படியென்றால் 235 அலகில் காணாமல் போவது சுமார் 0.2 அலகுதான், 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் வேறு தனிமங்களாகவும் நியூட்ரான்களாகவும் அப்படியே இருக்கும்.

எனவே 1 கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளந்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 23,000 யூனிட் வெப்பம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். திருமலைராயன்பட்டினம் நிலையம் அதைக் கால் மணி நேரத்தில் தந்துவிடும்.

சுருக்கமாக

அணுசக்தி ஆதரவுப் பதிவோ எதிர்ப்புப் பதிவோ, ‘1 கிராம் போதும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த 1 கிராம் மறைந்த நிறையா, போட்ட எரிபொருளா? கணக்கு கிலோகிராம், மீட்டரில் போடப்பட்டதா? பதில் இல்லையென்றால் ஃபார்வர்ட் பண்ண வேண்டாம்.