பயாப்சி ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்'னு இருக்கா? கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பற்றி அது சொல்வது என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், டைலரிங், பேக்கிங் என எங்கு பார்த்தாலும் பெண்கள்தான். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்றைய சம்பளம் போச்சு. அப்படி லீவு போட்டு வந்து, கர்ப்பப்பை வாயில் சதை எடுத்து பரிசோதித்தவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது கேன்சரா மாறுமா, தானாவே சரியாகிடுமா? இதற்குப் பதில் தேட உதவுபவைதான் திசு மார்க்கர்கள்.

குழப்பம் எங்கே?

இந்தப் புற்றுநோய்க்கு கிட்டத்தட்ட எல்லா நேரமும் காரணம் எச்பிவி வைரஸ். தொற்று வந்த பெரும்பாலானோருக்கு அது தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாகிறது.

அதற்கு முந்தைய நிலைகளை சிஐஎன் 1, 2, 3 எனப் பிரிக்கிறார்கள். இதில் சிக்கலானது 2. உடனே சிகிச்சை தராமல் 2 ஆண்டுகள் கண்காணித்தால், சுமார் பாதிப் பேருக்கு இது தானாகவே குறைகிறது. ஏறக்குறைய 18 சதவீதம் பேருக்கு அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

பி16 என்ன செய்கிறது?

செல்கள் இஷ்டத்துக்குப் பெருகாமல் பிரேக் போடுவது ஆர்பி என்ற புரதம். எச்பிவி அந்த பிரேக்கை செயலிழக்க வைக்கிறது. அப்போது செல்லில் பி16 புரதம் அளவுக்கு மீறி சேர்கிறது. திசுவில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இது தெரிந்துவிடும். கூடவே பார்க்கப்படும் கேஐ-67, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும்.

பாசிட்டிவ்னா கேன்சரா?

இல்லை. முந்தைய நிலையில் பி16 பாசிட்டிவ் என்றால், அலட்சியம் கூடாது என்று அர்த்தம். புற்றுநோய் உறுதியான பிறகு இதே முடிவு வேறொன்றைச் சொல்கிறது: நோய் எச்பிவியால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். எச்பிவி தொடர்பில்லாத வகையை விட இந்த வகை பொதுவாக சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனாலும் நோய் எந்த ஸ்டேஜில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மார்க்கரை மட்டும் வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது.

டெஸ்ட்டுக்கு வந்தால்தானே?

பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை அது. 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்ததில், கர்ப்பப்பை வாய் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன.

ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்கூட இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்ததில்லை. சதை எடுத்தால்தான் மார்க்கர் பேசும். அதற்கு முன் பரிசோதனை நடக்க வேண்டும். 30 வயதைத் தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருந்தால், அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம்.