யாருக்காக இந்தப் புகை?

மாரி பிறந்து, வெள்ளம் நின்று, ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் விழுந்த பின்னரே புகை இயந்திரம் அந்த ஒழுங்கைக்கு வருகின்றது. காது செவிடுபட இரைகின்றது. வெண்புகை வேலிக்கு மேலாக எழுந்து முற்றத்தை மூடுகின்றது. வீட்டார் கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திக்கொள்கின்றனர். சிறிது நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றது. கடமை முடிந்ததென்று அதிகாரிகள் கோவையில் எழுதுகின்றனர். ஏதோ நடக்கின்றது என்று மக்கள் ஆறுதல் கொள்கின்றனர். நுளம்போ, சாத்திய கதவுக்கு உள்ளே, கட்டிலின் கீழும் கொடியில் தொங்கும் உடுப்புகளின் மறைவிலும் சுகமாக வீற்றிருக்கின்றது.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வீட்டினுள் இருண்ட மூலைகளில் ஓய்வெடுப்பது என்பதை அறியாத சுகாதார அதிகாரி இந்நாட்டில் ஒருவரும் இரார். டீசலில் கலந்து தெருவில் ஊதும் நஞ்சு அந்த மூலையைச் சென்றடைவது அரிது என்பதையும் அவர்கள் அறிவர். அறிந்தும் ஆண்டுதோறும் இதே சடங்கு நடைபெறுகின்றது. நாம் கேட்கின்றோம்: இந்தப் புகை நோயாளிக்காகவா, அறிக்கைக்காகவா?

இரசாயனம் செய்த நன்மையை மறுக்க நாம் வரவில்லை. 1934–35 இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாவில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்கள் மாண்டன. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. வந்தது, 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழே பேருக்கு மலேரியா. அந்த மருந்தை இகழ்பவர் நன்றி கொன்றவராவர். ஆனால் வெற்றி மயக்கத்தில் தெளிப்பையும் கண்காணிப்பையும் கைவிட்டனர். 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தனர். மறுபடியும் டி.டி.ரி.யைத் தூக்கியபோது நுளம்பு அதனைத் தாங்கக் கற்றிருந்தது. 1970களில் மலத்தியன் வந்தது. அதன்பின் பைரித்திரொயிட் வந்தது. ஒவ்வொன்றும் சில காலம் வென்றது. ஒவ்வொன்றையும் நுளம்பு பின்னர் வென்றது. 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டு மலேரியா இல்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் வழங்கியது. அதற்குப் பெருங்காரணம், காய்ச்சல்காரரைத் தேடித்தேடி இரத்தம் பரிசோதித்த ஊழியர்களின் உழைப்பு. தெளிகருவி மட்டும் அதனைச் சாதிக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் டிசம்பரில் புதிய விருந்தாளி ஒன்று மன்னாரில் அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்பது அதன் பெயர். சென்னை நகரத்துக் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பும் இனம் அது. சில ஆண்டுகளுக்குள் யாழ் நகரக் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் கண்டெடுக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைப் பேராசிரியர் சுரேந்திரனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தபோது, வழக்கத்திலுள்ள பூச்சிநாசினிகள் பலவற்றுக்கு அது முன்னரே தாங்குதிறன் பெற்றிருந்தமை தெரியவந்தது. இந்த நுளம்பு ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்கு ஜிபூற்றி சாட்சி. அங்கு 2012 இல் 27 மலேரியா நோயாளர். இது புகுந்து வேரூன்றிய பின், 2020 இல் எழுபதாயிரத்துக்கு மேல்!

ஈடிஸ் நுளம்பும் நம் குடாநாட்டில் புதுப்பாடம் படித்துவிட்டது. நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று நூல்கள் சொல்லிவந்த அது, யாழ்ப்பாணக் கரையோரத்து உவர் நீரிலும் வளர்வதை 2011 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நுளம்பு மாறுகின்றது. நம் சுகாதார நிருவாகம் மாறவில்லை.

ஆறில்லாத மண் இது. வழுக்கையாறும் மழைக்காலத்து ஓட்டமே. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிய மழைநீரைக் கிணற்றில் அள்ளிக் குடித்தும் இறைத்தும் வாழ்கின்றோம். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று அந்நீரில் ஏறியிருப்பதைப் பல ஆய்வுகள் கூறிவிட்டன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாம் அடிக்கும் நஞ்சும் நுளம்புக் குடம்பிக்குத் தாங்குதிறனைப் பயிற்றுகின்றது என்பதை விவசாயப் பெருமக்கள் மனக்கசப்பின்றிக் கேட்கவேண்டும். குற்றம் தெருப்புகையில் மட்டும் இல்லை.

இந்நிலையில் நாம் முன்வைப்பது பூஞ்சணம். பள்ளி நூல்கள் பங்கசு என்பது. பேவேரியா, மெற்றாரைசியம் என்ற இரு இனங்கள் மண்ணில் இயல்பாகவே வாழ்ந்து பூச்சிகளைக் கொல்பவை. முன்னதைப் பட்டுப்புழு நோயின் காரணியாக இத்தாலியரான பாசி 1835 இல் எடுத்துக்காட்டினார். பின்னதைத் தானியப் பயிர் வண்டுக்கு எதிராக ருசியாவில் மெச்னிக்கோவ் 1879 இல் பரீட்சித்தார். இன்று தமிழகத்து விவசாயி இவ்விரண்டையும் தூளாக வாங்கி வயலில் இடுகின்றார்; தென்னையைத் துளைக்கும் கருவண்டுக்கும் மெற்றாரைசியம் எதிரி.

நுளம்பு இதனை உண்ணவேண்டியதில்லை. வித்தி படிந்த துணியிலோ சுவரிலோ அது கால் பதித்தாற் போதும். வித்தி காலில் ஒட்டி முளைக்கின்றது. நொதியத்தால் புறத்தோலைக் கரைத்து உட்புகுகின்றது. உடற்குருதியில் பல்கி, ஒரு வாரம் முதல் இரு வாரங்களுக்குள் கொல்கின்றது. “இத்தனை தாமதமா?” என்று கேட்பீர்கள். இங்கேதான் இதன் நுட்பம் இருக்கின்றது. மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் முற்றிப் பிறரைத் தொற்றும் நிலைக்கு வரப் பத்துப் பதினான்கு நாட்கள் செல்லும். டெங்கு வைரசுக்கும் ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே கிழ நுளம்பே கொலைகாரி. அவள் கிழவியாகுமுன் இறந்தால் நோய் அவளோடு இறந்துவிடும். தொட்டவுடன் கொல்லும் நஞ்சு, தப்பிப் பிழைத்த சிலவற்றின் சந்ததியை மட்டும் பெருக்கி எதிர்ப்பை விரைந்து வளர்க்கும். முட்டையில் ஒரு பகுதியை இட்டபின் மெல்லக் கொல்வது அந்த எதிர்ப்பு பரவும் வேகத்தைத் தணிக்கும் என்பது அறிஞர் கருத்து.

வெறும் கருத்து மட்டுமல்ல. தன்சானியக் கிராம வீடுகளில் மெற்றாரைசியம் பூசிய கறுத்தத் துணியைத் தொங்கவிட்டு ஆராய்ந்த முடிவு 2005 இல் வெளியானது. அகப்பட்ட நுளம்புகளில் நான்கிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் தொற்று ஏறியிருந்தது. இந்த அளவே நீடித்தால் ஆண்டில் ஒருவர் பெறும் கிருமி ஏந்திய கடிகள் 262 இலிருந்து 64 ஆகக் குறையுமென்று கணித்தனர். டி.டி.ரி.யையும் பேமெத்திரினையும் தாங்கும் நுளம்புகளும் பங்கசுக்கு மடிவதையும், தொற்றுப் பெற்ற நுளம்பு அந்த நஞ்சுகளுக்கு மீண்டும் பலவீனப்படுவதையும் 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. நெதர்லாந்தில் உருவான பொறி ஒன்று பேவேரியாத் தூளைக் குடம்பிகொல்லி ஒன்றுடன் சேர்த்து, முட்டையிட வரும் ஈடிஸின் மேல் படியவைக்கின்றது. அமெரிக்காவில் அது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மூடிப் பானை, சிறிது நீர், தூள் தடவிய வலை. இவ்வளவே அதன் அமைப்பு. இதனைச் செய்ய நம் குயவருக்கும் தச்சருக்கும் தெரியாதா?

இது நேற்று முளைத்த கனவும் அன்று. நம்மவர் மலாயாவில் புகையிரத நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்த காலத்திலே, 1921 இல், மலாயா நுளம்புக் குடம்பியொன்றில் சீலோமோமைசிஸ் என்ற பங்கசைக் கீலின் என்பார் கண்டு விவரித்தார். 1935 இல் எம்.ஓ.ரி. ஐயங்கார் இந்திய அனோபிலிஸ் குடம்பிகளில் மேலும் இரு இனங்களை விவரித்தார். 1958 இல் மாஷல் லெயர்ட் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பங்கசை எடுத்துச் சென்று பசிபிக் சமுத்திரத்து நுக்குனோனோ என்னும் பவளத்தீவில் விதைத்தார். அது அங்கே வேரூன்றிற்று. ஆனால் நுளம்பை ஒழிக்கவில்லை. அதன் வாழ்க்கை வட்டத்துக்கு நீரில் வாழும் நுண்ணிய இறாலினம் ஒன்றும் வேண்டுமென்பது 1970களிலேதான் தெரிந்தது. அதற்குள் குடம்பியைக் கொல்லும் பற்றீரியா ஒன்று 1976 இல் அகப்பட, பங்கசைப் பலர் மறந்தனர்.

குறைகளையும் மறைக்கமாட்டோம். கடும் வெயில் வித்தியைக் கொல்லும். நம் சித்திரை வெக்கை அதற்கு ஆகாது. பூசிய துணியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். தேனீக்குத் தீங்கு நேராதபடி வீட்டினுள்ளும் பொறியினுள்ளும் மட்டுமே வைக்கவேண்டும். குடிநீர்க் கிணற்றில் கொட்டும்படி நாம் சொல்லவில்லை. அங்கே மீனும் வலைமூடியுமே தகும். சிலந்தி நஞ்சின் மரபணுவைப் புகுத்திய மெற்றாரைசியத்தை புர்கினா பாசோவில் பரீட்சித்த செய்தி 2019 இல் வெளிவந்தது. அதனை இங்கு கொண்டுவருமாறும் நாம் கேட்கவில்லை. இந்த மண்ணிலேயே வாழும், இந்த வெயிலைப் பழகிய இனத்தைத் தேடிப் பிரித்தெடுங்கள் என்கின்றோம்.

கொழும்பின் நுகேகொடைப் பகுதியில் 2020 இல் ஒல்பேக்கியா என்ற பற்றீரியா ஏற்றிய நுளம்புகளைப் பரீட்சார்த்தமாக விட்டனர். நல்ல காரியம், வாழ்த்துகின்றோம். தலைநகருக்குப் பரீட்சை, வடக்குக்குப் புகையா என்று மட்டும் கேட்கின்றோம். சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரம். ஆனால் 2018 இல் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபை, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் கையிலே கிடந்தது. கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாத இடத்தில் புகை ஊதுவதே மிக எளிது.

இன்னொரு ஆபத்தையும் அறிவோம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் ஒரே வர்த்தமானியால் தடைசெய்து, பயிரும் விவசாயியும் வாடியபின் நவம்பரில் திரும்பப் பெற்றனரே, அந்தக் கூத்து நுளம்பு விடயத்திலும் வேண்டாம். மாற்று நிலைபெறுமுன் மருந்தை நிறுத்துவது கொலைக்கு ஒப்பாகும். 1960களில் கைவிட்டதன் பலனைப் பார்த்தோம் அல்லவா?

நாம் கேட்பது சிறிது. குடாநாட்டில் கரையோரக் கிராமம் ஒன்று, தோட்டக் கிராமம் ஒன்று, நகர வட்டாரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒப்பிட, பங்கசு வைக்காத ஓர் அயற்கிராமம். விலங்கியல் துறை நுளம்பை எண்ணட்டும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடம் பங்கசைத் தேர்ந்து வளர்க்கட்டும். அரிசியில் வளரும் பொருள் அது. சுத்தமும் தரப் பரிசோதனையும் இருந்தால் கூட்டுறவுச் சங்கமே உற்பத்தி செய்யலாம். மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு வைத்தியசாலை எழுப்பிய மக்களுக்கு இது மலையன்று. ஆனால் பரீட்சை முடியுமுன் போத்தலில் அடைத்து விற்க வருவோரைச் சுகாதார அதிகாரிகள் வாசலிலேயே மறிக்கவேண்டும்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். வித்தியைப் பிரித்தெடுத்துப் பெருக்கவும், வீட்டாரின் சம்மதம் பெறவும், நுளம்பின் தொடக்கக் கணக்கை எடுக்கவும் மாதங்கள் வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் அமரும் நாளைச் சித்திரைக்குள் அறிவிக்கவேண்டும். அறிவித்தால், எந்தக் கிராமம் தன் வீடுகளைப் பரீட்சைக்குத் திறந்துவிடுகின்றதோ அதன் பெயரை இப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியிடுவோம். அறிவிக்காவிட்டால், அடுத்த மாரியில் புகை இயந்திரத்துக்கு எத்தனை ரூபா டீசல் ஊற்றினார்கள் என்ற கணக்கைத் தகவல் அறியும் சட்டத்தின்படி கேட்டு, அதையும் அதே பக்கத்தில் வெளியிடுவோம்.