படம் எப்படி இருக்கு டீச்சர்?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் ஏதும் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். அஞ்சாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவதை செல்போனில் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 41 பேர் பதில் போட்டிருந்தோம். பாதி கட்டைவிரல், மீதி 'சூப்பர்', 'செம', 'அருமை நண்பா'.

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாவ டீச்சர். என்ன நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நீங்களும் கட்டைவிரலத்தான் போட்டிருக்கீங்க. நெசமாவே படம் எப்படி இருக்கு டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளின் நோட்டு திருத்தியவள் நான். படிக்காமல் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டுக் கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். "டீச்சர் பாக்கவே இல்ல" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லும். ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டாமலே 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்துப் போடும்போது எனக்கே வயிறு எரிந்திருக்கிறது. அதே கையெழுத்தைத்தான் நான் அவனுக்கு ஒரு கட்டைவிரலாகப் போட்டிருக்கிறேன்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தான் எடுத்த படத்தை நம்மிடம் காட்டினால், நல்லாயிருக்கா இல்லையா என்பது இரண்டாவது பேச்சு. அதில் நாம் என்ன பார்த்தோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 'அம்மா கையில வெயில் விழுந்திருக்கு' என்று நாலு வார்த்தை போதும். 41 'சூப்பர்' கொடுக்காததை அந்த ஒரு வரி கொடுக்கும்.

பார்க்காமல் பாராட்டுவது வெறும் சோம்பல்தானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீர். அப்போது ஒரு மாணவன் குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி ஆறு சுழித்து ஓடுவதைப் படம் எடுத்துப் போட்டான். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில், வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி என்பதால் நான் யோசிக்கவே இல்லை. 'அற்புதமான படம்! வாழ்த்துகள்!' என்று எழுதி, ரெண்டு பூவும் வைத்தேன். பத்து நிமிஷத்தில் சிந்துபூந்துறையிலிருந்து ஒரு மாணவி கீழே எழுதினாள்: 'டீச்சர், அந்தத் தண்ணிதான் எங்க வீட்டுல இடுப்பளவு நிக்கி.'

பூவையும் வாழ்த்தையும் அழித்தேன். அவள் படித்ததை அழிக்க முடியவில்லை.

படம் எடுத்தவன் மேல் தப்பில்லை. அந்தப் படம் அன்றைக்குத் தேவையான படம். ஆறு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று கரையோரத் தெருக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் கேட்டிருக்க வேண்டியது, 'இது எத்தனை மணிக்கு எடுத்தது? எந்தக் கரையிலிருந்து? நீ பத்திரமா நிக்கியா?' என்று. அவன் நேரத்தை எழுதியிருந்தால் அந்தப் படத்துக்கு இன்னும் ஒரு மடங்கு பயன் இருந்திருக்கும். 'அற்புதம்' என்ற சொல்லால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒரு பிள்ளைக்கு வேதனை.

பார்த்ததைச் சொல்வது ஒன்றும் புதுச் சமாச்சாரம் அல்ல. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மருமகன்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடி உட்காருவார்கள், டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லுவார், ஒரு சொல்லில் நிறுத்தி அந்த இடத்தில் மனசு என்ன ஆகிறது என்று காட்டுவார். வக்கீலுக்குப் படித்தவர், தமிழ் வித்வான் பட்டம் பெற்றவர் அல்ல. 'பாட்டு பிரமாதம்' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தால் அவர் பெயரை இன்றைக்கு யார் சொல்லப் போகிறார்கள்? எந்த இடம், ஏன் என்று சொன்னதால்தான் அவர் ரசிகமணி. ஆனால் அவரிடமும் ஒரு விஷயம் எனக்கு ஒப்பாது. கம்பனில் பல பாட்டுகளை இது கம்பன் பாடியதே இல்லை என்று தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றினார். புலவர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ரசிப்பது ஒன்று, அடுத்தவன் ஆக்கிய குழம்பில் நாம் உப்பு அள்ளிப் போடுவது வேறு.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் மாணவனின் படத்துக்கு அதுவும் நடந்திருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர், 'அம்மா கறுப்பா தெரியுதாவ, பில்டர் போட்டிருக்கலாம்ல' என்று எழுதி, தானே ஏதோ செயலியில் போட்டு அம்மாவை வெள்ளையாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குத்தான் நிறைய இதயம். "அது எங்கம்மா மாதிரியே இல்ல டீச்சர்" என்றான். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உறவுக்காரர்களே, கோபிக்காதீர்கள். நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. படத்தை விட்டுவிட்டுப் படத்தில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுவோம். 'கறுத்துட்டே', 'மெலிஞ்சிட்டா', 'முடியெல்லாம் கொட்டிப் போச்சே', 'இந்தச் சேலை உனக்கு எடுக்கல'. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வதே தப்பு. நூறு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவது அதைவிடத் தப்பு. இதைப் படித்துவிட்டு என்னைச் சொல்கிறாளோ என்று யாருக்காவது தோன்றினால், ஆமாம், உங்களைத்தான்.

சரி, போனை வைத்தபிறகு நான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியான சமயம் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர். அவர் படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து எடைபோடுவாராம். தலைகீழாக இருந்தால் முகம், கதை எல்லாம் மறந்துபோகும், வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, கண் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் தெரியும். நானும் செல்லைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பி நேராக நின்றது! மறுபடி திருப்பினால் மறுபடி நேராகிறது. பேத்தி வந்து அந்தத் தானாகச் சுழலும் வசதியை நிறுத்திக் கொடுத்தாள். பிறகுதான் பார்க்க முடிந்தது.

இடப்பக்கமிருந்து சாய்ந்த வெயில். அது அம்மாவின் முகத்தில் விழவில்லை, கையில் விழுந்திருக்கிறது. விரலுக்கிடையில் நூல் மட்டும் ஒரு கோடாக மின்னுகிறது. மடியில் பீடித் தட்டு, இலை, தூள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்க்கிறார். கீழே கால்விரல்கள் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுவிட்டன. பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், படத்திலேயே பளிச்சென்று தெரிவது அதுதான். கண் கையை விட்டுவிட்டு அங்கே போகிறது.

குறை சொல்வதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் சில வருஷங்கள் கட்டுரை நோட்டில் இருபது சிவப்பு வட்டம் போட்டுக் கொடுப்பேன். பிள்ளை நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிடும். ஒரே ஒரு பிழையைக் காட்டி, 'அடுத்த கட்டுரையில இத மட்டும் பாத்துக்கோ' என்றால் அடுத்த கட்டுரையில் அது சரியாக இருக்கும். படத்துக்கும் ஒன்றே போதும், அதுவும் எடுத்தவர் அடுத்த முறை சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'நல்ல கேமரா வாங்கு' என்பது குறை சொல்வதாகாது, அது செலவு வைப்பது. 'தெளிவா இல்ல' என்று சொல்லும் முன்னால், வாட்ஸ்அப்பே படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று, எடுத்த விதத்தையும் கேட்க வேண்டும். என் அண்ணன் மகன் கூந்தன்குளத்தில் நாரைக்குஞ்சுகளைக் கூட்டோடு எடுத்து அனுப்பியிருந்தான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே பறவைகளைக் கூடு கட்ட விட்டு, காவலும் காக்கிறவர்கள். கூட்டுக்கு ரொம்பக் கிட்டப் போனால் தாய்ப்பறவை எழும்பிப் போய்விடும், குஞ்சு வெயிலில் கிடக்கும். பல இயற்கைப் படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. நான் முதலில், "எவ்வளவு கிட்டப் போய் எடுத்தே?" என்று கேட்டேன். "இல்ல அத்தை, தள்ளி ஒரு வீட்டு மாடியில நின்னு பெரிய லென்ஸ்ல எடுத்தேன்" என்றான். அதற்கப்புறம்தான் குஞ்சின் வாயைப் பற்றிப் பேசினோம்.

அன்று சாயங்காலம் மாணவனைக் கூப்பிட்டேன். கை, நூல், வெயில் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "கால்விரல் வெட்டுப்பட்டிருக்குப்பா, ஒரு அடி பின்னால போயிருக்கணும்" என்றேன். "ஆமா டீச்சர், பின்னால சாக்கடை" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஒன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும், வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த நீல டிரம்மை நகட்டிட்டு எடுத்திருக்கலாம்லா?" என்றேன்.

"அது இருக்கட்டும் டீச்சர். அன்னைக்கு எங்க தெருவுல தண்ணி வந்த நாளு. அம்மா மூணு மணிக்கே எந்திச்சு அந்த டிரம்ம நிறைச்சாவ. அதுக்கப்புறம் உக்காந்தவுக, படம் எடுக்கும்போது சாயங்காலம் அஞ்சு மணி. அதான் அதையும் சேத்து எடுத்தேன்."

நான் டிரம்மைப் பார்த்தேன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நகட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

படத்துக்குக் கீழே அந்த மூணு மணியையும் அஞ்சு மணியையும் எழுதிப் போடச் சொன்னேன். போட்டிருக்கிறான், போய்ப் பாருங்கள். இன்று காலை இன்னொரு படமும் தனியாக எனக்கு அனுப்பியிருக்கிறான், ரதவீதியில் ஒரு வளையல் கடை. இன்னும் பதில் போடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.