பாடியா, லென்ஸா? கேமரா வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை

கேனானா நிக்கானா-ங்கிற சண்டை நம்ம ஊர்ல ரஜினியா கமலா மாதிரி. இப்போ சோனி, ஃபியூஜின்னு புது ரசிகர் மன்றங்களும் சேர்ந்தாச்சு. நான் எந்த மன்றத்துலயும் இல்லை. என் கட்சி ரொம்ப சிம்பிள். முதல்ல லென்ஸ், அடுத்து மவுண்ட், கடைசியாத்தான் பாடி. ஆனா கடைக்குப் போற பெரும்பாலானவங்க இதை அப்படியே தலைகீழா செய்யறாங்க. உள்ள காசையெல்லாம் பாடியில கொட்டிட்டு, கூட வர்ற கிட் லென்ஸோட திருப்திப்பட்டுக்கறாங்க.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரோட ஒப்பிட்டா பரப்பளவு ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. சரி, லென்ஸ் பக்கம் வாங்க. சாதாரண 18-55 கிட் லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா அபர்ச்சர் எஃப்/5.6. ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சாரைப் பெருசாக்கி ரெண்டு மடங்கு, லென்ஸை மாத்தினா பத்து மடங்கு. எதுக்கு செலவு அதிகம்னு உங்களுக்கே தெரியும் :-)

எஃப்/1.8-ல ஃபோகஸ் ஆகற ஆழம் ரொம்பக் குறைவு, குரூப் போட்டோவுக்கு உதவாதுங்கறது உண்மைதான். ஆனா இருட்டான ஹால்ல மேடையில ஆடற குழந்தையை எடுக்க அதுதான் கைகொடுக்கும்.

அதனால முதல் கேள்வி, 'நான் என்ன எடுக்கப் போறேன்?' வேடந்தாங்கல்ல பறவை எடுக்கணும்னா 400 மி.மீ.யாவது வேணும். அங்கே ஏபிஎஸ்-சி-யோட 1.5 மடங்கு கிராப் நமக்கு லாபம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னா 2 மடங்கு, 300 மி.மீ. லென்ஸே 600 மாதிரி நெருங்கிக் காட்டும். மலையேறவும் ஊர் சுத்தவும்னா எடைதான் முக்கியம். வீட்டுல தூங்கற கேமரா எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது கேள்வி, 'இந்த மவுண்ட் எத்தனை நாள் உயிரோட இருக்கும்?' சாம்சங் 2010-ல என்எக்ஸ் கொண்டு வந்தாங்க, சில வருஷத்துலயே சத்தமில்லாம நிறுத்திட்டாங்க. நிக்கான் 1 வரிசை 2011-ல வந்து 2018-ல போச்சு. கேனானோட ஈஓஎஸ் எம் 2012-ல ஆரம்பிச்சு 2023-ல முடிஞ்சுது. எல்லாமே பெரிய கம்பெனிதான். பேரைப் பார்த்து மட்டும் நம்ப முடியாதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? பாடி பழசானா மாத்திக்கலாம். மவுண்ட் செத்தா, புதுசா லென்ஸ் வராது, இருக்கறதை விக்கறதும் கஷ்டம்.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களுக்கு அந்த அளவுக்கு மோசமில்லை. நிக்கான் எஃப் மவுண்ட் 1959-ல வந்தது, கேனான் ஈஎஃப் 1987. ரெண்டு கம்பெனியும் 2018-ல புது மிரர்லெஸ் மவுண்ட்டுக்கு மாறினாலும், அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை உபயோகிக்கலாம். கண்ணாடிக்கு விட்ட இடம் இப்போ தேவையில்லைங்கறதால நடுவுல அடாப்டர் உட்கார்ந்துக்குது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. நிக்கானோட எஃப்டிஇஸட் அடாப்டர்ல ஏஎஃப்-எஸ் லென்ஸ் தானா ஃபோகஸ் ஆகும், பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஆகாது. விலை மலிவா இருக்கேன்னு வாங்கறதுக்கு முன்னாடி பின்னால இருக்கற எழுத்தைப் படிச்சிடுங்க.

பட்ஜெட் கம்மியா? செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் பாடி, நல்ல லென்ஸ் ஒண்ணு. இதுதான் என் ஓட்டு. வாங்கும்போது டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பூஞ்சை இருக்கான்னு பாருங்க. நம்ம கடலோர ஊர் ஈரக்காத்துக்கு அது சீக்கிரம் வரும்.

மாசாமாசம் சேர்த்த காசு, அதுல பாதிக்கு மேல லென்ஸுக்குப் போகட்டும். அடுத்த வருஷம் இதைவிட நல்ல பாடி குறைஞ்ச விலைக்கு வரும். பொண்ணோட முதல் அரங்கேற்றம் திரும்ப வராது.