மஞ்சளா, பச்சையா?

பீன்யாவில் நாம் குடியிருக்கும் வீட்டின் உள்ளறைக்கு ஒரே சன்னல். மூன்றடி தள்ளி அயல்வீட்டுச் செங்காவிச் சுவர். சென்ற திங்கள் அவ்வறைக்கு வர்ணம் பூச முற்பட்டோம். இளம்பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் கட்சி. இளமஞ்சளே வேண்டும் என்றாள் இல்லாள். மகள் இரவில் படிப்பது அங்கேதான் ஆதலின் வழக்கு முற்றிற்று.

கடையில் காட்டும் நிற அட்டையை நம்பி முடிவு செய்தல் தகாது. அட்டையில் மென்மையாயிருப்பது நான்கு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து தோன்றும். ஒரு சுவரின் நிறம் மறுசுவரில் படிவதே காரணம். எனவே சிறு டப்பாக்கள் இரண்டு வாங்கி, ஈரடிச் சதுரமாகப் பூசி, மூன்று நாள் பார்த்தோம். பகலில், எதிர்ச்சுவரில் பட்டுவந்த செவ்வொளியில் நம் பச்சை சாம்பல் பூத்துக் கிடந்தது, மஞ்சளோ பொலிந்தது. இரவில் எல்.இ.டி. விளக்கின் வெண்ணொளியில் பச்சை சற்றுத் தெளிந்தது. ஆயினும் மகள் புத்தகத்துடன் சென்று அமர்ந்தது மஞ்சளின் அருகே. தோற்றோம்.

மஞ்சள் என்றதும் ஓர் அச்சமும் எழுந்தது. பழைய மஞ்சள் எண்ணெய் வர்ணங்களில் ஈயக் குரோமேட்டு கலப்பதுண்டு. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் பெருங்கேடு. 2017 நவம்பர் முதல், வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது சட்டம். டப்பாவில் அக்குறிப்பைப் பார்த்தே வாங்கினோம். சன்னலின் பழைய பூச்சை உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டச் செய்து, பிள்ளைகளை அன்று அண்டை வீட்டில் விட்டோம்.

மிஞ்சிய பச்சையை மாடிப்படிச் சுவரில் பூசிக்கொள்ள நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.