காசு கொடுத்து வாங்கிய காசு

"ஏங்க, ஒரு அரை டாலருக்கு 1,400 ரூபாயா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ரயில்வே பணிமனையில் 35 ஆண்டுகள் போல்ட்டுக்கும் நட்டுக்கும் கணக்குப் பார்த்த மனிதன், ஓய்வு பெற்ற பிறகு இங்கே செல்லாத வெளிநாட்டுக் காசை விலைக்கு வாங்கி வந்தால் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழும்.

நான் வாங்கியது சாதாரணக் காசு அல்ல. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் செய்துகாட்டும் நாணய வித்தைக்கென்றே தனியாகச் செய்தது. வித்தைக்காரர்கள் இதை 'கிம்மிக்' என்பார்கள். பெட்டியில் இரண்டு நாணயங்கள். ஒன்று கென்னடி தலை போட்ட அமெரிக்க அரை டாலர். மற்றது செம்பு நிறத்தில் சிறிய மெக்ஸிகோ நாணயம். இரண்டையும் பார்ப்பவர் கையில் வைத்து மூடச் சொல்லவேண்டும். திறந்தால் செம்புக் காசு இருக்காது. எப்படி என்று இங்கே எழுதமாட்டேன். இந்த இதழ் என் பேரன் கைக்கும் போகும். லேத் வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: மயிரிழை இடைவெளியில் கடைந்த சுத்தமான வேலை.

நம் நாட்டுக் காசிலேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி நம் நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். பென்ஷன்காரனுக்கு அந்த வம்பு எதற்கு?

வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு ஒன்பது வயது. கொல்கத்தாவில் பிறந்தவன். பள்ளியில் ஆங்கிலம், இந்தி. விளையாடப் போனால் வங்காளி. தமிழ் புரியும், வாயில் வராது. "சாப்ட்டியாடா?" என்றால் "யெஸ் தாத்தா" என்பான். அவனோடு கால் மணி நேரமாவது தமிழில் பேச ஒரு சாக்கு கிடைக்காதா என்றுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

மறுநாள் அவன் பிறந்தநாள். குறிப்புத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, தைரியமாக அவன் நண்பர்கள் முன் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. காசு நழுவி மொசைக் தரையில் விழுந்தது. விழுந்தது ஒரு காசு; கேட்டது இரண்டு சத்தம். அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. "தாத்தா, இட்ஸ் ஃபேக்!" என்றான் பேரன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டான் பாருங்கள், அதுதான் உறைத்தது.

பணிமனைக்குப் புதிதாக வரும் அப்ரெண்டிஸ் பையன்களிடம் நான் சொல்வதுண்டு: "மைக்ரோமீட்டரை ஸ்டோரில் வாங்கலாம், அதைப் பிடிக்கிற கையை வாங்க முடியாது." அரத்தைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் கை படியும். ஊருக்குச் சொன்ன உபதேசம் எனக்கு மறந்துபோயிற்று.

சிறுவயதில் பொன்மலை வாரச் சந்தையில் செப்படி வித்தை பார்த்திருக்கிறேன். கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் மூன்று செப்பு, நாலைந்து துணிப் பந்து. சுற்றிலும் ஜனம். நாங்கள் இருக்கும் கொல்கத்தா பெரிய பி.சி. சர்க்கார் (1913–1971) வாழ்ந்த ஊர். அவர் 1956இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார்களாம். அவருக்கு மேடை, விளக்கு, உதவியாட்கள் எல்லாம் இருந்தன. சந்தைக்காரருக்கு இருந்தவை கையும் வாயும்தான். பேச்சு ஓயாது. நாம் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் கை தன் வேலையை முடித்திருக்கும்.

அதன்பின் மூன்று மாதம் பழகினேன். எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்து 1918ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்று உண்டு. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அரை டாலர் 11.34 கிராம், அகலமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே பாட்டியின் ரூபாயைக் கொண்டே உள்ளங்கையில் மறைக்கப் பழகினேன். பேப்பர் மடிக்கும்போதும், காபி டம்ளரைத் தூக்கும்போதும், ஏரிக்கரையில் நடக்கும்போதும் அது கையிலேயே இருக்கும். யோசனை சொன்னவள் மனைவிதான். "வெளிநாட்டுக் காசுன்னா முதல்லயே சந்தேகம் வரும். அத்தை குடுத்த ரூபாயை முதல்ல காட்டுங்க" என்றாள்.

பொங்கலன்று அப்படியே செய்தேன். முதலில் பாட்டியின் ரூபாய். அதில் எந்தச் சூட்சுமமும் கிடையாது. பையன்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். பாட்டி அதைச் சுருக்குப்பையில் போட்டுச் சந்தைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே மறைத்தேன். "சுருக்குப்பைன்னா என்ன தாத்தா?" என்றான் பேரன். சொன்னேன். பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். அவன் கை திறந்தது. செம்புக் காசைக் காணோம். "எங்க போச்சு தாத்தா?" ஒரே மாலையில் இரண்டு தமிழ் வாக்கியம்!

இதனால் நான் சொல்ல வருவது இதுதான். வெளியூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்கு எதையும் வாங்கித் தரத் தயங்குவதில்லை. கீபோர்டு, அபாகஸ், தமிழ்ப் பாடப் புத்தகம் எல்லாம் வாங்குகிறோம். பணம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். தமிழ் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வீட்டில் ஆங்கிலத்தில் அதட்டுகிறோம். வாங்கிய பொருள் பாதி வேலையைக்கூடச் செய்யாது. கூட உட்கார்ந்து பேசுகிற, பழக்குகிற வேலைக்குக் கடை கிடையாது.

குழந்தையை ஏமாற்றுவது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். வித்தை என்று சொல்லிவிட்டுச் செய்வதில் ஏமாற்று ஏது? அதையே தெய்வ சக்தி என்று சொல்லிக் காசு வாங்கினால்தான் ஏமாற்று.

இன்னொன்று. வித்தையின் ரகசியத்தைப் போட்டு உடைக்காதீர்கள். ரகசியம் தெரிந்த மறுநிமிடம் குழந்தை "இவ்வளவுதானா?" என்று எழுந்து போய்விடும். "சொல்லிடுங்க மாமா, ராத்திரி தூங்காம கேக்கறான்" என்று மருமகள் சிபாரிசு செய்தாள். நான் மசியவில்லை. பாட்டியின் ரூபாயை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அதை மறைக்கப் பழகி, பாட்டி கதையைத் தமிழிலேயே சொல்லிச் செய்துகாட்டினால் பெட்டி அவனுக்கு என்று ஒப்பந்தம்.

இரண்டு மாதமாகப் பழகுகிறான். ரூபாய் தினமும் சோபாவுக்கு அடியில் உருள்கிறது. கதையில் இன்னும் பாதி வங்காளிதான். ஆனால் சுருக்குப்பை என்ற சொல் சுத்தமாக வருகிறது. அடுத்த சங்க விழாவில் அவன் உங்கள் முன் வந்து நின்றால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன முறை வேறொரு சிறுவன் வித்தை காட்டியபோது ஒரு பெரியவர் செய்ததுபோல, "எனக்குத் தெரியும், இடது கையில் இருக்கு!" என்று தயவுசெய்து கத்திவிடாதீர்கள்.