இருமலுக்கு ரத்தத்தில் பதில் தேடலாமா?

சென்னிமலை நெசவாளர் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "எல்லாம் பஞ்சுத் தூசிதான்" என்று விட்டுவிடுவார். இல்லையென்றால், "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்" என்பார். இரண்டுமே தப்பு!

காசநோயை ரத்தத்திலுள்ள ஆன்டிபாடியை வைத்துச் சொல்லும் கிட்டுகள் இந்தியத் தனியார் லேப்களில் பல வருடம் ஓடின. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2012 ஜூனில் மத்திய அரசு தடையே போட்டது.

ஏன் தடை? ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம். கிருமியை எப்போதோ சந்தித்த உடம்பிலும் அது இருக்கும். இப்போது நோய் முற்றியவரிடம் இல்லாமலும் போகும். விளைவு? நோயில்லாதவருக்கு ஆறு மாத மருந்து, நோயாளிக்கு 'ஒன்றுமில்லை' என்ற சீட்டு. அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போகிறவர் குடும்பத்துக்கும் நோயைக் கொடுப்பார்.

சரி, முழு ஆன்டிபாடி வேண்டாம், அதன் துண்டு உதவுமா? ஆன்டிபாடி கவட்டை போன்ற வடிவம் கொண்டது. இரண்டு கனச் சங்கிலி, இரண்டு இலகுச் சங்கிலி. உடல் இலகுச் சங்கிலியைத் தேவைக்கு மேல் செய்துவிடுகிறது. மிச்சம் ரத்தத்தில் தனியாகத் திரியும். முழு ஆன்டிபாடி பாதியாகக் குறைய மூன்று வாரம் ஆகும். இந்தத் துண்டோ சில மணி நேரத்தில் சிறுநீரகம் வழியாகப் போய்விடும். அதனால் இது சொல்வது பழைய கதை அல்ல, இன்றைய செய்தி.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். கிருமித் தொற்று, முடக்குவாதம், லூபஸ் எதிலும் இது ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். வீடு எரிகிறது என்று சொல்லும், தீ வைத்தவன் யாரென்று சொல்லாது. ரத்தப் புற்றுநோயில் ஒருவகையான மைலோமாவுக்கு இது நல்ல அடையாளம்தான். ஏனென்றால் அங்கே கேள்வியே வேறு.

ஆகவே, நாளை 'புது மார்க்கர்' என்று எந்த டெஸ்ட் வந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எந்தக் கேள்விக்குப் பதில்?

சென்னிமலைக்குப் பக்கத்துப் பெருந்துறையில் காசநோய்க்கென்றே சானடோரியம் இருந்தது. இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி. காசநோய்க் கிருமியையே நேராகத் தேடும் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரத்தம் கொடுப்பதைவிடச் சளி கொடுக்கத்தான் பலருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டால் பாதி நோய் போன மாதிரி!